மாமா ராசி பார்த்த 279

அண்ணாமலையார் துணை

திருவண்ணாமலை

அன்பு மகள் தென்றலுக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், சர்க்கரைகூட இந்த மாதம் கம்மிதான். டப்ளின் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாயா என்பதுதான் கவலை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் கடிதம். உன் மாமா கோதண்டராமன் உன்னைக் கூப்பிட்டு அழுதானாமே, நடந்ததை என்னிடம் கேட்டுவிட்டு அப்புறம் அவனுக்கு இரக்கப்படு.

கீழ்பென்னாத்தூரில் உன் அப்பா ஆரம்பித்த கடலை எண்ணெய் கம்பெனிக்கு, அப்பா போன பிறகு நானும், கூடப்பிறந்தவன் என்று நம்பிச் சேர்த்த இவனும்தானே இயக்குநர்கள். பென் டிரைவ் மாதிரி இருக்குமே என் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதை ஆயுத பூஜைக்கு மில்லில் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் படைத்தேன். மறந்துவிடுவேன் என்று அதன் ரகசிய எண்ணையும் முதுகிலேயே ஒட்டி வைத்திருந்தேன். படைத்த சாமானை அன்று தொடக் கூடாதென்று விட்டுவிட்டு வந்தேன். அவன் தொட்டான். நானே இயக்குநர் பதவியை ராஜினாமா செய்ததாக என் கையெழுத்தைப் போட்டுக் கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்பிவிட்டு, டோக்கனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். கேட்டால், அக்காதான் வீட்ல இருந்து அனுப்பிட்டு இப்ப மாத்திப் பேசறாங்க என்று ஊரெல்லாம் சொன்னான்.

பரணில் இருந்த உன் பழைய கம்ப்யூட்டர் புத்தகங்களை இறக்கிப் படித்தேன். இந்தக் கையெழுத்துக்கு இரண்டு சாவியாம். பொதுச் சாவி ஊருக்கே தெரியலாம், அதை வைத்துக் கையெழுத்து சரியா என்று பார்க்கத்தான் முடியுமாம். கையெழுத்துப் போடுகிற தனிச் சாவி டோக்கனுக்குள் இருக்கிறதாம், அது நம் கையை விட்டே போகக் கூடாதாம். நான் அதற்குப் பொட்டு வைத்துப் பரப்பி வைத்திருக்கிறேன்.

போன வாரம் வேங்கிக்காலில் நம் வக்கீல் தேவிப்ரியா முன்னால் பேச்சு. ராஜினாமா நம் வீட்டு இன்டர்நெட்டில் இருந்துதான் போனது, இதோ வீட்டு ஐபி முகவரி என்று ஒரு தாளை நீட்டினான். அது நெட்வொர்க்கில் நமக்குள்ள கதவிலக்கம், புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். அதில் மூன்றாவது எண் 279. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் எட்டு பிட்தான் இடம், அதாவது பூஜ்யமோ ஒன்றோ போடுகிற எட்டுக் கட்டம், எட்டிலும் ஒன்றைப் போட்டு நிரப்பினாலும் 255ஐத் தாண்டாது. 279 உலகத்தில் எந்த வீட்டுக்கும் கிடையாது. வண்டி நம்பர், போன் நம்பர் எல்லாம் கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்று அலைகிறவன் பொய்க்கும் ராசி பார்த்திருக்கிறான், நீயே கூட்டிப் பார். நான் சொல்லி முடித்ததும் அவன் முகம் செத்துவிட்டது, ஒத்துக்கொண்டான்.

எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறேன்கா, போலீசுக்கு மட்டும் போவாதே என்று காலைப் பிடித்தான். ஆனாலும் பிறகு நான் போலீசுக்குப் போனேன். மில்லும் வரவேண்டும், அவன் கம்பியும் எண்ண வேண்டும். தூக்கி வளர்த்த தம்பிதான், அதனால்தான் ஆத்திரம் ஜாஸ்தி. அவன் கெஞ்சியது எனக்கு இனித்தது, உன்னிடம் மறைப்பானேன். தை மாசம் தென்றல் கல்யாணத்துல மாமன் மாலையாவது நான் போடணும்கா என்று தேம்பினான். என் கையெழுத்த நீ போட்ட இல்ல, உன் மாலைய நான் போடறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நல்லா இருக்கணும், அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. மாமா கூப்பிட்டால் எடுக்காதே.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
ரா. தனம்