திருப்பி வாங்காத நன்றி

அன்புள்ள என் மூத்த பிள்ளைக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே அனைவரும் சுகம் என்று எழுதித்தான் இந்தக் கைக்குப் பழக்கம், ஆனால் இன்றைக்கு அந்த வார்த்தை வர மாட்டேன் என்கிறது. இருக்கிறோம் என்று எழுதுகிறேன், அது பொய்யில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் தங்கை பாப்பா பக்கத்து அறையில் இருக்கிறாள், நம் வீட்டுச் சுவர் மெல்லிசு, அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றாலும் அவள் காதுபட அதை இன்னொரு தரம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதோடு உன் குரலைக் கேட்டதும் நான் எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடுகிறேன். நான் கொடுத்த கிட்னி கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, மருந்து கொடுக்கிறார்கள் என்று சொன்னேனே, அதுவும் அப்படி மெழுகினதுதான். அந்தக் கிட்னி இப்போது பாப்பா உடம்பில் இல்லை. எடுத்துவிட்டார்கள். எடுத்து ஏழு வாரம் ஆகிறது. மறைத்ததற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள், ஆனால் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஆபரேஷன் அன்றைக்கு அவர்கள் தையல் போட்டு முடிக்கும் முன்பே கிட்னி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம், டாக்டர் வெளியே வந்து அப்பாவிடம் சொன்னபோது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். ஐந்து வருஷமாக வாரம் மூன்று நாள் அந்த டயாலிசிஸ் நாற்காலியில் நாலு மணி நேரம் சாய்ந்து கிடந்தவள், ஒரு நாளைக்கு மூன்று சின்ன டம்ளர் தண்ணீருக்கு மேல் தொடக் கூடாது என்று அளந்து குடித்தவள். மூன்றாம் நாள் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அவள் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நர்ஸ் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து, இனிமேல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி என்றாள். பாப்பா நிறுத்தாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள், பிறகு என்னைப் பார்த்து இன்னொன்று குடிக்கலாமா என்று கேட்டாள். முப்பத்தொரு வயசுப் பெண் தண்ணீர் குடிக்க அம்மாவிடம் அனுமதி கேட்டாள். எனக்கு விலாவில் தையல், அழவும் முடியவில்லை சிரிக்கவும் முடியவில்லை, இரண்டும் வலித்தது. அப்பாவோ மணிக்கு ஒரு தரம் கட்டிலுக்கு அடியில் குனிந்து மூத்திரப் பையைப் பார்த்துவிட்டு, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வார்டு முழுக்க அறிவிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் இன்னொருவர் மூத்திரத்தைப் பார்த்து அவ்வளவு பூரித்துப்போய் நான் பார்த்ததில்லை. ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சபையில் சாட்சி நேரத்தில் யாரும் எதிர்பாராமல் அப்பா எழுந்து நின்றாராம். உனக்குத்தான் தெரியுமே, முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டின மனுஷன், பின் பெஞ்சைத் தவிர வேறு எங்கும் உட்காராதவர், சபை நடுவில் வாயே திறக்காதவர். அன்றைக்கு மைக்கைப் பிடித்து, என் மகளுக்கு ஆண்டவர் உயிர் கொடுத்தார், அவருக்கு நன்றி என்று சொல்லிவிட்டு மேலே பேச வராமல் நின்றாராம். சபையே எழுந்து ஸ்தோத்திரம் சொன்னதாக உன் சித்தி வந்து சொன்னாள்.

எட்டாம் நாள் பையில் சேருவது குறைந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சல். அவள் உடம்பு என் கிட்னியை அந்நியமாக நினைத்துச் சண்டை போடுகிறது என்றார்கள். ஏதேதோ ஊசி போட்டார்கள், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றினார்கள். பதினோராம் நாள் மதியம் திரும்பவும் வயிற்றைத் திறந்து அதை எடுத்துவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், எங்களுக்கு வாய்க்கும் எட்டி, தொண்டையிலும் இறங்கி, அப்புறம் பிடுங்கப்பட்டது. மயக்கம் தெளிந்து அவள் முதலில் சொன்னது என்ன தெரியுமா, அம்மாவுடைய கிட்னி இல்லையா, யார் சொன்னாலும் கேட்காது என்று. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு சபைக்குப் போனோம். போதகர் நல்லவர், நமக்காக ஜெபிக்கத் தொடங்கியவர் பாதியில் என்ன சொல்லி முடிப்பது என்று தெரியாமல் ஆமென் சொல்லிவிட்டார். மற்றவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துப் பேசினார்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாருக்காவது விசுவாசக் குறைவு இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள் என்றாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் உள்ளே வருவதில்லை. என்னைக் கொண்டுவந்து விடுவார், வண்டியை மதில் ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பழைய பேப்பரைப் படித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் வழியில் கேட்டேன், என்னதான் உங்கள் மனசில் என்று. “நான் எழுந்து நின்னு சொன்னேன்ல. அத்தனை பேர் முன்னாடி சொன்னேன். என்னைப் பொய்யனாக்கிட்டாரே” என்றார். அவர் கோபித்துக்கொண்டது சபையோடு இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுடையது சரிப்படாவிட்டால் என்னுடையது இருக்கிறது என்று சொல்லி நீ அங்கே ரத்தம் கொடுத்துப் பரிசோதித்து அனுப்பிய ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். உன் உடம்பில் பாதி என்னுடையதுதானே, என்னைத் தள்ளியது உன்னையும் தள்ளும் என்கிறார். வெளியாரிடம் வாங்கினாலும் இப்போது ஒத்துவராதாம். வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்யும் வழி அவளுக்கு முன்பே கிருமி தொற்றிப் பலிக்காமல் போனது உனக்குத் தெரியும். டயாலிசிஸுக்காகக் கையில் போட்டிருந்த இணைப்பு அடைத்துவிட்டது, கழுத்தில் இரண்டு பக்கமும் குழாய் போட்டுப் போட்டு ரத்தக் குழாய் சுருங்கிவிட்டது, இப்போது தொடையில் போட்டிருக்கிறார்கள், அதற்கப்புறம் போட இடம் இல்லை. இதயமும் களைத்துவிட்டது. பாப்பா டாக்டரிடம் நேராகவே கேட்டாள், எனக்கு எவ்வளவு நாள் என்று. அவர் என்னைப் பார்த்தார், அவள், என்னிடம் சொல்லுங்கள் என்றாள். “வருஷக் கணக்கு இல்லம்மா, மாசக் கணக்குன்னு வச்சுக்குங்க” என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். ஆகவே தம்பி, நீ கொடுக்காததால் இது நடக்கவில்லை. நீ லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு வெளிநாடு போனதாலும் நடக்கவில்லை. அப்படி ஒரு எண்ணம் உனக்குள் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், அதை இன்றோடு இறக்கி வைத்துவிடு.

நான் திரும்ப வேலைக்குப் போகிறேன். ஈரத் துணி மூட்டையைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஹோட்டல் சலவைக்கூடத்தில் என்னை மடிக்கிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய படுக்கை விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது, ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையைக் கூட வேலை செய்கிற பெண் பிடிக்க, இரண்டு பேரும் நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்போம். போன வாரம் அப்படி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் நின்றுவிட்டாள். “என்னக்கா, பொண்ணுக்கு நல்லாயிடுச்சா” என்று கேட்டாள். இல்லையே என்றேன். “அப்புறம் எப்படி பாட்டு வருது” என்றாள். நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளை படுத்திருக்கும்போது எந்தத் தாய் பாடுவாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா, அந்தச் சூட்டுக்குள்ளே, ஆவியும் சோப்பு வாசனையுமாக, மனசுக்குள் சந்தோஷம் இருந்தது. காரணம் ஒன்றும் இல்லை. யாரும் ஒரு நல்ல செய்தி சொல்லவில்லை. சந்தோஷம் என்றால் நல்லது நடந்ததற்குக் கிடைக்கிற கூலி என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இது கூலியில்லை, நான் அப்படி ஒன்றும் செய்யவும் இல்லை. ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்று தோன்றியது, அவ்வளவுதான். இரண்டு மூன்று விரிப்பு மடிக்கும் நேரம் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து பாப்பாவின் வீங்கின காலைப் பார்த்ததும் திரும்ப நெஞ்சில் கல் ஏறிக்கொண்டது. இதை உனக்குப் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை, நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, நானும் சபைக்கு வருகிறேன் என்று பாப்பா கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை, பிடிவாதத்தில் அவள் யார் என்று உனக்குத் தெரியும். அப்பா வண்டியை வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தி அவளை இறக்கிவிட்டு, வழக்கம்போல மதில் ஓரத்துக்குப் போய்விட்டார். சாட்சி நேரம் வந்ததும் அவள் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன். “ஒரு மாசத்துக்கு முன்னாடி எங்கப்பா இங்க நின்னு நன்றி சொன்னாரு. அன்னைக்கு அது உண்மை. அஞ்சாறு நாள் நான் ஆசைதீர தண்ணி குடிச்சேன். அப்புறம் கிட்னிய எடுத்துட்டாங்க. அந்த நன்றிய நாங்க திருப்பி வாங்கல. எனக்கு இனிமே நல்லாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பயமாத்தான் இருக்கு. ஆனா ஆண்டவர்கிட்ட எனக்கு இருக்கற சந்தோஷம் அந்தக் கிட்னியோட வரல, அதனால அதோட போகவும் இல்ல.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. விசுவாசக் குறைவைப் பற்றிக் கேட்ட அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்தோம். அப்பா கதவைத் திறந்துவிட்டு அவளைத் தாங்கி உட்கார வைத்தார், காலை மெதுவாகத் தூக்கி உள்ளே வைத்தார். பாதித் தூரம் போனதும் ரோட்டைப் பார்த்தபடியே, “சத்தம் பத்தல. மைக்கக் கொஞ்சம் கிட்ட வச்சுப் பேசணும்” என்றார். அவள் சரிப்பா என்றாள். அவர் அதற்குப் பிறகும் உள்ளே வரவில்லை. போன ஞாயிறும் வண்டியில்தான் இருந்தார். வந்துவிட்டார் என்று எழுத ஆசைதான், இல்லாததை எழுத மாட்டேன்.

கிட்னி சோர்ந்திருக்கிறது என்று சொன்ன அன்றைக்கே நீ போனில் என்னிடம், இனிமேல் என்னை ஜெபம் பண்ணச் சொல்லாதீர்கள் அம்மா என்றாய். அன்றிலிருந்து சொல்லவில்லை, இப்போதும் சொல்லப் போவதில்லை. நம் இருவருக்கும் சேர்த்து நான் செய்துகொள்கிறேன், சில நாள் எனக்கும் வார்த்தை வருவதில்லை, முழங்காலில் சும்மா இருந்துவிட்டு எழுந்திருக்கிறேன். அவளுக்கு இருக்கிற அந்தச் சந்தோஷம் என்னிடம் அவ்வளவு இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் சுவாசிக்க முடிகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னை வரச் சொல்கிறேன். குணமாகும் என்று நம்பி வராதே, ஆகாது. உன்னால் எதுவும் மாறும் என்றும் வராதே. கோபத்தோடு வந்தாலும் சரி, அப்பாவோடு வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, வா. இன்னும் அவள் சிரிக்கிறாள். உன் பெயரைச் சொன்னால் உன்னைக் கிண்டல் செய்ய இன்னும் அவளிடம் மூச்சு இருக்கிறது. அது எத்தனை வாரத்துக்கு என்று தெரியவில்லை.

லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது மேலே ஆள் நிற்கிறானா என்று பார்த்துவிட்டு இறங்கு, மனசு எங்கேயோ இருக்கும்போதுதான் கை தவறும். குளிருக்குக் காதை மூடிக்கொள். ரொட்டியைத் தின்றுவிட்டு அதையே சாப்பாடு என்று கணக்குச் சொல்லாதே. அப்பா விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு இரண்டு தரம் பேனா மை இருக்கிறதா என்று கேட்டார், அதை விசாரிப்பு என்றே எடுத்துக்கொள். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், நீ அவரை நினைக்காத நேரத்திலும் உன் தலைமேல் அவர் கை இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. லீவுக்கு எழுதிக் கொடுக்கும் தாளில் காரணம் என்று ஓர் இடம் விட்டிருப்பார்கள். அங்கே மரணம் என்று எழுதுகிற நாள் வரை காத்திருக்காதே. தங்கையைப் பார்க்க என்று எழுதி நாளைக்கே கொடுத்துவிடு.

உன் அம்மா