ராஜாவிடம் மறுத்துச் சொன்ன வரி

இன்று காலை உம் வீட்டுக் கொல்லையில் பதனீர் காய்கிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும், செத்துப்போன மனுஷன் என்றுகூடப் பாராமல் உம்மோடு பழைய சண்டையைத் தொடங்கிவிட்டேன்.

பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ வேத மொழிபெயர்ப்புக்கு நாம் உட்கார்ந்த நாட்கள்! ராஜாக்கள் பேசும் இடம் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். ஜமீன் கச்சேரியில் எழுத்தராக இருந்தவன் அல்லவா நான்? 'சமூகம்', 'திருவுளம்', 'அடியேன்' என்று அரண்மனை மரியாதைச் சொற்களை அள்ளிக் கொட்டுவேன். நீரும் ரசித்துக் கேட்பீர், வேதத்தில் அந்தத் திராட்சைத் தோட்டக்காரன் கதை வரும்வரை.

ராஜா அவன் தோட்டத்தைக் கேட்கிறான், அவன் மறுக்கிறான். 'திருவுளம் இரங்கி அடியேனை மன்னித்தருள வேண்டும்' என்று எழுதினேன்.

"இதுல அவன் தோட்டத்தக் குடுத்தானா, இல்லியா?" என்றீர்.

"ராஜாகிட்ட வேற எப்படிவே சொல்லுவான்?"

உம் முகம் சிவந்துவிட்டது. "எங்க அப்பாவும் இப்படித்தாம்வே சொன்னாரு. ராதாபுரத்துல எங்க பனங்காட்ட ஜமீன் கேட்டப்போ, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, 'சமூகத்துச் சித்தம்'னாரு. பாதிக் காடு போச்சு. இந்தத் தோட்டக்காரன் மாட்டேன்னு சொல்லி உசுரையே விட்டவன். அவன் வாய நீரு அடைக்காதேயும்!"

மரியாதையும் குறையக்கூடாது, மறுப்பும் மழுங்கக்கூடாது என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டினீர். கூட இருந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். நீர் அசையவே இல்லை. கடைசியில் உம் வரிதான் நின்றது: 'ராஜா நீடூழி வாழ்க. என் முன்னோர் நிலத்தை மட்டும் தரமாட்டேன்.' என்ன மனுஷன்வே நீர்! அந்தப் பிடிவாதம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

உம்மை அடக்கம் பண்ணிய ஈரம் காயவில்லை, மிச்சக் காட்டையும் கேட்டு ஜமீன் காரியஸ்தர் நேற்று வந்து நின்றார். உம் மனைவிக்குத் துணையாக நான் நின்றேன். பழக்கதோஷம், 'சமூகம்' என்று என் நாக்கு புரண்டது. அதற்குள் உம் மனைவி கைகூப்பிவிட்டார். கோயிலில் நீர் வாசிக்கக் கேட்டு மனதில் வைத்திருந்தார் போலும்.

"அரண்மனை நல்லா இருக்கணும். எங்க முன்னோர் நெலத்த மட்டும் தரமாட்டேன்."

காரியஸ்தர் திரும்பிப் போனார். இன்று ஆட்களோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"இன்னைக்கு நீங்களும் சேந்து சொல்லணும், அண்ணாச்சி" என்றார் உம் மனைவி.

அடுப்படியில் உட்கார்ந்து உம் வரியைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் 'தரமாட்டோம்' என்றே முடிக்கிறேன், வே.