ஐம்பத்தேழு கிலோவில் இரண்டு பேர்

மார்ச் 4

இன்றும் ஐம்பத்தாறு கிலோ. இறங்குவேனா என்கிறது முள். மல்யுத்த அணித் தேர்வுக்குள் ஐம்பத்து மூன்றுக்கு வந்தாக வேண்டும். பேசாமல் ஐம்பத்தேழு கிலோ பிரிவில் மல்லுக்கு நிற்கலாம்தான். ஆனால் அங்கே அக்கா இருக்கிறாள், ஒரு பிரிவுக்கு ஒருத்திக்குத்தான் இடம். அம்மா அன்றே சொல்லிவிட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் மோதுறதைப் பார்க்க என்னால முடியாது."

மார்ச் 9

நாளை உடற்தகுதிச் சோதனை. கொழுப்பு எவ்வளவு என்று மிஷின் சொல்லிவிடும். ஒல்லியாகத் தெரிய வேண்டுமென்று நேற்றிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. என்னைப் போல் புத்திசாலி உண்டா?

மார்ச் 10

மடச்சி. நான் ஒரு மடச்சி.

மிஷினில் ஏறினால், போன மாதத்தைவிடக் கொழுப்பு கூடியிருக்கிறதாம்! அடுத்து ஓட்டம். பீப் சத்தத்துக்குள் கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓட வேண்டும். சத்தம் வேகமாகிக்கொண்டே போகும். எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. எங்கள் அணியின் கனமான பெண், செல்லப் பெயர் லாரி, நான் உட்கார்ந்த பிறகும் ஜாலியாக ஓடினாள். போகிற போக்கில் "என்ன, பஞ்சரா?" என்று வேறு கேட்டாள். மானம் போயிற்று.

சோதனை எடுக்கும் மேடம் என் உதட்டைப் பார்த்தார். "தண்ணி குடிச்சு எவ்வளவு நேரமாச்சு?" உண்மையைச் சொன்னேன். சிரித்தேவிட்டார். "இது லேசா கரன்ட் அனுப்பி அளக்குதும்மா. உடம்புல தண்ணி குறைஞ்சா கொழுப்புன்னு நினைச்சுக்கும். ஒழுங்கா குடிச்சுட்டு நாளான்னிக்கு வா."

மார்ச் 12

குடித்தேன். மிஷின் சமாதானமாகிவிட்டது. ஓட்டத்தில் லாரியையும் முந்தினேன். ஆனால் மேடம் பயிற்சியாளரிடம் சொன்னதுதான் இடி: "இவகிட்ட குறைக்க கொழுப்பே இல்ல சார். இதுக்கு மேல இறக்கினா தசைதான் போகும். ஐம்பத்தேழுல விடுங்க." சார் தலையாட்டிவிட்டார்.

வீட்டில் சொன்னேன். "கொழுப்பு இல்லையா? உன் வாயை அளந்து பார்த்தாங்களா?" என்றாள் அம்மா. அக்கா சிரிக்கவில்லை.

"என் எடைக்கு ஏன்டி வர்ற?"

"நானா வர்றேன்? அனுப்புறாங்க!"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 15

ஒரே அறை, ஒரே மின்விசிறி. பேச்சு மட்டும் இல்லை. வாய்க்கு வாய் 'எருமை' என்பாள், அதுகூட இல்லை.

மார்ச் 19

அக்காவுக்கு எடை கூடியிருக்கிறது. இறக்குவதற்காகப் பட்டினி கிடக்கிறாள், தண்ணீரையும் தொடுவதில்லை. நான் செய்த அதே கூத்து. "தண்ணி குடி அக்கா, இல்லாட்டி மூச்சு வாங்கும்" என்றேன்.

"குடிச்சு எடை ஏறினா என்னை வெளியே தள்ளிடுவாங்க. உனக்கு வசதி, இல்ல?"

சுருக்கென்றது. எக்கேடோ கெட்டுப் போ!

மார்ச் 21

தேர்வு. அம்மா வரவில்லை.

முதல் பாதியில் அக்கா என்னைப் புரட்டி எடுத்தாள். நாலு புள்ளி பின்தங்கினேன். இரண்டாம் பாதியில் அவள் மூச்சு என் காதருகே இரைந்தது. அவள் பிடி நிற்கவில்லை. காலைப் பிடித்தேன் — விழுந்தாள். மறுபடியும் பிடித்தேன். மறுபடியும். ஜெயித்துவிட்டேன். சந்தோஷமா? ஆமாம். அப்புறம் ஏன் குளியலறையில் அப்படி அழுதேன்?

மார்ச் 24

போட்டிக்கு அணியோடு பஸ்ஸில். காலையில் நான் கிளம்பும்போது அக்கா போர்வையை விலக்கவே இல்லை. பாதி வழியில் ஃபோன். ஹலோ கூடக் கிடையாது.

"என் காலைப் பிடிச்சப்போ உன் தலை என் இடுப்புக்கு வெளியில இருந்துச்சு. அங்க வர்றவ கழுத்தை அமுக்கிடுவா. தலையை உள்ள வை."

"இவ்வளவு பார்த்தியே, நீ ஏன் அமுக்கலை?"



"அமுக்கத்தான் நினைச்சேன். மூச்சு இல்லடி, எருமை."

எருமை என்று கூப்பிட்டுவிட்டாள். பக்கத்தில் லாரி தூங்குகிறாள். அவள் எழுந்துவிடாமல் அழுதுகொண்டே எழுதுகிறேன்.