துவைக்காத வேட்டி

அக்கா,

இன்று காலை பீரோவின் மேல்தட்டைத் துடைக்கப் போய், நீங்கள் கொடுத்துவைத்த வேட்டி கையில் வந்தது. பிரித்ததும் அதே எரிந்த பேட்டரி நாற்றம். இரண்டு வருடம் ஆகியும் போகவில்லை.

வடக்கே நாம் வந்து குடியேறிய இந்தச் சிஞ்ச்வட்டில், நம் குடியிருப்புக்குப் பின்னால், பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் கொட்டகை இருப்பது நமக்குத் தெரியும்தான். புகை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். ஆனாலும் சித்திரை வெயில் வந்துவிட்டால், மொட்டைமாடியில் வேட்டியை நனைத்து விரித்து ஜவ்வரிசி வத்தல் ஊற்றாமல் உங்களால் இருக்க முடியாது. கட்டடத்தின் தமிழ் வீடுகளுக்கெல்லாம் உங்கள் வத்தல்தான். பொரிக்கும்வரை பொறுக்காமல் என் மகள் பாதி காய்ந்ததையே பிய்த்துத் தின்பாள். "தின்னட்டும் விடு, வெயில்ல காஞ்சதுதான" என்பீர்கள்.

கடைசியாக ஊற்றிய வருடம், வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வத்தலை உரித்தீர்கள். உரித்த இடமெல்லாம் வெள்ளை வட்டம். சுற்றிலும் சாம்பல் நிறம். அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"ஏட்டி, இந்த வெள்ளையில விழவேண்டிய தூசி எங்க போச்சு? வத்தலுக்கு மேலல்லா இருக்கு!"

அத்தனையையும் குப்பையில் கொட்டினீர்கள். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு இருவரும் மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகம் போனோம். அந்த அதிகாரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தாயி, தூள் ஹை. தோ டாலோ" என்றார். வெறும் தூசியாம், துவைத்துப் போடவேண்டுமாம்! திரும்பி வரும்போது வேட்டியை என்னிடம் தந்தீர்கள். "தொவச்சிராதட்டி. நமக்கு இது ஒண்ணுதான் சாட்சி."

அடுத்த சித்திரைக்கு நீங்கள் இல்லை. சிறுநீரகம் ஏன் கெட்டது என்று கேட்டதற்கு ஆஸ்பத்திரியில் வயதைக் காரணம் காட்டினார்கள். நான் நம்பவில்லை.

போன வாரம் என் மகளின் இரத்தத்தில் காரீயம் இருப்பதாகச் சோதனையில் வந்திருக்கிறது. சுருண்டு படுத்தே கிடக்கிறாள்; நேற்றுப் படித்தது இன்று மறந்துபோகிறது. வீட்டை மாற்றுங்கள் என்கிறார் டாக்டர். எங்கே போவது? விஷயம் தெரிந்தவர்கள் இந்த ஃபிளாட்டை வாங்கமாட்டார்கள். தெரியாத ஒரு குடும்பத்தின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது, அக்கா.

இன்று வேட்டியைக் கண்டதும் எழுந்து வந்தாள். நான் தடுப்பதற்குள் ஒரு வெள்ளை வட்டத்தில் விரல் வைத்துவிட்டாள்.

"அம்மா, இந்த கோல் கோல் மட்டும் ஏன் சாஃபா இருக்கு?"

இந்த வட்டங்கள் மட்டும் ஏன் சுத்தமாக இருக்கின்றன என்று கேட்டவளின் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

நாளை அதே அலுவலகத்துக்குப் போகிறேன். ஒரு கையில் உங்கள் வேட்டி, மறு கையில் இவள். மறுபடியும் துவைத்துப் போடச் சொன்னால், இவள் இரத்தத்தை எந்தத் தண்ணீரில் துவைப்பது என்று கேட்பேன்.