பேச்சியம்மாளுக்கு ஆள் உண்டு

உன் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பையை இன்றுதான் திறந்தேன். ஒரு வேளைச் சோற்றுக்கும் வழியில்லாத குடும்பங்களைத் தேடி வார்டு முழுக்க அலைந்தோமே, அந்தக் கணக்கெடுப்புப் படிவங்கள். ஏலக்காய் வாசனை இன்னும் போகவில்லை. காய் எடுத்த கையைக் கழுவாமலே நீ பேனா பிடித்தால் வேறென்ன வாசனை வரும், சோம்பேறி!

பஞ்சாயத்தில் நடந்த பயிற்சி வகுப்பு நினைவிருக்கிறதா? பரம ஏழைக்கு முதலில் தரவேண்டியது எது என்று கேட்டார்கள். சோறு, வீடு, மருந்து, வேலை என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். நீ மட்டும் எழுந்து, "ரேஷன் கார்டு சார். அது இல்லாதவளுக்கு மத்ததெல்லாம் எந்த அட்ரஸுக்கு வரும்?" என்றாய்.

பேச்சியம்மாளை மனதில் வைத்துத்தான் சொன்னாய். சாந்தன்பாறைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வேலை முடிந்து, கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ஓடைக்கரையில் தார்ப்பாய் கட்டிக் கிடந்தவர். வீட்டு நம்பர் இல்லாததால் கார்டும் இல்லை. "நம்ம கார்டுல ஒரு பேரு கூடுனா குடியா முழுகிப் போகும்?" என்று, உறவே இல்லாதவரை உன் கார்டிலேயே சேர்த்துக்கொண்டாய். அரிசி வந்தது, ஆஸ்பத்திரியிலும் பார்த்தார்கள். அதுவே பிறகு வினையாயிற்று. அரசாங்க வீடு கேட்டு எழுதியபோது, உன் வீட்டுக்காரரிடம் ஜீப் இருப்பதைக் காட்டிப் பேரைத் தள்ளிவிட்டார்கள். தார்ப்பாய்க்குள் படுப்பவர் காகிதத்தில் ஜீப்புக்காரி!

பஞ்சாயத்துக்கு விசாரிக்க வரும் அதிகாரியிடம் தனக்கு யாருமில்லை என்று அவரே சொன்னால் சரியாகிவிடும் என்றார்கள். வழி நெடுக நீ சொல்லிக் கொடுத்தாய். "ஒத்தை வார்த்தைதான் மதினி. யாரும் இல்லைன்னு சொல்லிருங்க."

"ஆரெங்கிலும் உண்டோ அம்மே?" என்று, யாராவது இருக்கிறார்களா என மலையாளத்தில் அதிகாரி கேட்டார்.

பேச்சியம்மாள் உன் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ இருக்கா சார். இவளை வச்சிக்கிட்டு யாருமில்லன்னா என் நாக்கு அழுகிப் போகும்."

வீடு போயிற்று. திரும்பும்போது அவரைத் திட்டிக்கொண்டும் வந்தாய், அழுதுகொண்டும் வந்தாய். அதன் பிறகு இரண்டு மழைக்காலம் பஞ்சாயத்துப் படி ஏறினாய். மூன்றாவது மழைக்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

சென்ற மாதம் மறுபடி விசாரணைக்கு வந்தார்கள். உன் வீட்டுக்காரர் கார்டிலிருந்து பேச்சியம்மாள் பேரை நீக்க எழுதிக் கொடுத்துவிட்டார். யாருமில்லை என்று பேச்சியம்மாள் வாயால் சொல்வதுதான் பாக்கி. நானும் உன்னைப் போலவே சொல்லிக் கொடுத்தேன். நீதான் இல்லையே, இனி யாரைக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். என்னைக் காட்டினார்.

"இவ இருக்கா சார்."

இல்லை என்று நான் தலையாட்டினால் போதும், வீடு கிடைத்துவிடும். முடியவில்லை.

"ஆமா சார், நான் இருக்கேன். நான் இருந்தா மட்டும் அவங்க தலையில மழை விழாமப் போயிருமா? ரெண்டையும் எழுதுங்க" என்றேன்.

ஆள் உண்டு, கூரை இல்லை என்று அதிகாரி இரண்டையும் எழுதினார். போன வாரம் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.

அதிகாரியிடம் இதைச் சொல்ல நீ இருந்தபோதே எனக்கு வாய் வந்திருக்கக் கூடாதா? வந்திருந்தால் அந்த வீட்டில் பேச்சியம்மாள் முதல் காப்பி உனக்குத்தான் போட்டிருப்பார். அந்த ஆற்றாமையோடுதான் தினமும் அங்கே போய் நிற்கிறேன், புள்ள.