மீட்டரில் காட்டியது ஒன்று

இன்று காலை சிதம்பரத்தில் என் பட்டறைக்கு வந்த ஓட்டல்காரர், நான் செய்து வைத்திருந்த எவர்சில்வர் தொட்டியில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். தகட்டில் ஒட்டவில்லை. வெல்டிங் ஓரத்தில் மட்டும் லேசாக இழுத்தது.

“இன்னாங்க, மட்டமான ராடு போட்டுட்டீங்களா?”

“இல்லீங்க, அங்க லேசா இழுக்கணும். இழுக்கலன்னாதான் ஆறும்போது வெடிச்சிடும்.”

சொன்னதும் உன் நினைவு வந்தது.

கடலூர் சிப்காட்டில் 2006இல் ஓர் அமிலத் தொட்டியை நான் வெல்டு செய்தேன், நீ சோதித்தாய். வெல்டில் காந்தம் பிடிக்கிற ஃபெரைட் அளவாக இருக்க வேண்டும். குறைந்தால் விரிசல் விடும், கூடினால் அமிலம் அரிக்கும். அளக்கும் மீட்டர் உன் கையில் இருந்தது. “அஞ்சு காட்டுது மச்சான், ஜோரா இருக்கு” என்றாய். திருப்பாதிரிப்புலியூரில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். உன்னை நம்பாமல் யாரை நம்புவேன்?

தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றியபோது வெல்டு நெடுக மயிரிழை விரிசல்கள். சூடு ஜாஸ்தி வைத்துவிட்டேன் என்று என்னை வெளியே அனுப்பினார்கள். நீ தரையைப் பார்த்து நின்றாய். எனக்காக வருந்துகிறாய் என்றே நினைத்தேன்.

நாலு வருடம் என் கையையே சந்தேகப்பட்டேன். ஜன்னல், கேட் தவிர எதையும் தொடவில்லை. பிறகு ஒருநாள் வந்தாய். வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமலே சொன்னாய்.

“அன்னிக்கு மீட்டர்ல ஒன்னுதான் காட்டுச்சி மச்சான். ராடு சரியில்ல. வேலைய நிறுத்தக் கூடாதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. அஞ்சுன்னு எழுதிட்டேன்.”

“இத கம்பெனில வந்து சொல்றியா?”

“வேல போயிடும். ரெண்டு புள்ளைங்க இருக்குது.”

எனக்கும் இரண்டு பிள்ளைகள். “எழுந்து போ” என்றேன். போனாய். அடுத்த வருடம் மாரடைப்பில் ஒரேயடியாகப் போய்விட்டாய்.

கல்லறைத் தோட்டத்தில் உன் மனைவி என்னிடம் வந்து அழுதாள். “ஒங்களப் பத்திதாண்ணே எப்பவும் பேசுவாரு. ஒங்ககிட்ட மறைச்சதே இல்லியாமே.” பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமாம்மா” என்றேன்.

தவறு என்னுடையதல்ல என்று தெரிந்த பிறகும், பெரிய வேலை என்றால் இன்னும் கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் நீ விட்டுப்போனது. அன்று எல்லாம் சொன்னாய். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா, தெரியாது. கேட்டிருக்கலாம்.