ஃப்ரீசரில் உன் துண்டு

பாலியோஸ்கலா,
ஜனவரி 17

என் செல்லம் அனேஸ்திஸுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மூன்று வேளை சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நம்பிக்கை பொய்யென்றால் முதலில் எழுந்து போய்க் காலுறையைப் போட்டுக்கொண்டு வா, நான் காத்திருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது, தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாய். போனில் என்றால் அப்பா பக்கத்து அறையில் செய்தித்தாளைப் புரட்டாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நாம் இருவரும் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். கையெழுத்து விஷயத்தைக் கடைசியில்தான் சொல்வேன், தாவிப் படிக்காதே, உன்னைப் பெற்றவளுக்கு உன்னைத் தெரியும்.

அந்தப் படிவம் வந்த நாளிலிருந்து வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறாய். என்ன நடக்கும்? படிப்பை முடிக்க உதவித்தொகை, முடித்ததும் ஐந்து வருஷம் அந்தச் சீனக் கம்பெனியிலேயே வேலை, அதற்குத் தகப்பன் சம்மதக் கையெழுத்து, ஜனவரி முடிவதற்குள். அப்பா ஒரு தடவை படித்தார். "எம் புள்ளைய அடகு வெக்க நானே கையெழுத்துப் போடணுமா?" என்றார். மடித்து மரியாள் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். நீ செப்டம்பரில் சீனாவுக்குக் கப்பலேறினதிலிருந்தே உன் பெயரைச் சொல்வதில்லை, "அவன்" என்பார், அதுவும் நல்ல மூடில் இருந்தால். புத்தாண்டுக் கேக்கை அறுக்கும்போது கிறிஸ்துவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று அறுத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நான் கத்தியை எடுத்து உனக்கும் ஒரு துண்டு அறுத்து, காகிதத்தில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். வேடிக்கை என்னவென்றால், யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அந்த வருஷ அதிர்ஷ்டம் என்று கேக்குக்குள் நான் வைத்த நாணயம் எங்கள் நான்கு துண்டிலும் இல்லை. மீதிக் கேக்கையும் ஐந்து நாளாகக் காப்பியோடு கிளறிக் கிளறித் தின்று தீர்த்தார், அதிலும் இல்லை. "காசு போட மறந்துட்டியா?" என்று என்னையே கேட்கிறார். அது எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். ஃப்ரீசர் கதவைத்தான் அவர் தொடவில்லை.

இதற்கிடையில் ஊருக்கு வேறு தலைவலி. தியோஃபானியா அன்று, இயேசு ஞானஸ்நானம் பெற்ற திருநாளில், சிலுவையைப் பழைய துறையிலிருந்து கடலில் எறிவதுதானே வழக்கம், போன வருஷம்கூட நீதானே முங்கி எடுத்தாய். இப்போது அந்தத் துறையில் இடப்பக்கம் சீனர் குத்தகை, வலப்பக்கம் அப்பா மேஸ்திரியாக இருக்கிற அமெரிக்கக் கம்பெனியின் கப்பல் தளம், நடுவில் ஒரு கம்பிவேலி. இரண்டு பேரும் திருநாளை நாங்களே நடத்துகிறோம் என்று வந்து நின்றார்கள். நகரசபை நான்கு முறை கூடியது. தீர்மானப் புத்தகம் எழுதுகிறவள் நான், அதனால் நான்கு கூட்டத்திலும் யார் யாரைக் கழுதை என்றார்கள் என்பது என் கையெழுத்தில் வரலாறாகிவிட்டது. சீனத் துறையின் மேலாளர் ஃபான் இருக்கிறாரே, நம் ஆட்கள் ஃபானிஸ் ஆக்கிவிட்டார்களே, அவர்தான், வெந்நீர்க் குடுவையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். நான்காவது கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, "கிறிஸ்தாலியாம்மா, எங்க ஊர்ல இதுக்கு ஒரு போன் போதும்" என்றார். என்னைக் கூட்டிப்போக வந்திருந்த அப்பா விடுவாரா? "எங்களுக்கு நாலு கூட்டம் வேணும்ய்யா. ஆனா நாலுலயும் மேயர மூஞ்சிக்கு நேரா திட்டலாம். உங்க போன்ல அது முடியுமா?" ஃபான் குடுவை மூடியைத் திருகிக்கொண்டே, "திட்டினா முடிவு சீக்கிரம் வருமா, மேஸ்திரி?" என்று கேட்டார், கிண்டலா உண்மையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கடைசியில் பாதிரியார் ஸ்திலியானோஸ் வந்து, படகில் போய் நட்ட நடுவில் எறிகிறேன், எவனுக்குக் கை நீளமோ அவன் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். நாலு கூட்டத்தில் வராத முடிவு.

சீனர் தரப்பில் மூன்று வாரம் கடிகாரம் வைத்துப் பயிற்சி. அமெரிக்கர் தரப்பில், முங்கப் போகிறவன் ஒவ்வொருவனும் பதினாலு பக்கம் கையெழுத்துப் போட வேண்டும், செத்தால் கம்பெனியைக் கேட்கக் கூடாதாம். நீ இல்லாத இடத்தில் தானே குதிப்பேன் என்று நாற்பத்தேழு வயசில் உன் அப்பா கிளம்பினார், பதினாலு பக்கத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்ததே கோபம். "குளிக்கப் போக பதினாலு பக்கம், புள்ளைக்கு ஒரு பக்கம் போட கை வரலையா?" என்று கேட்டேன். குளியல் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சிலுவை விழுந்தது, இரண்டு பக்கமிருந்தும் குதித்தார்கள், நான் கரையில் நின்று உள்ளங்கையைக் கடித்துக்கொண்டிருந்தேன். நுரை அடங்கிப் பார்த்தால் ஒரே சிலுவை, இரண்டு கை. மேல்பாதி உன் அப்பா, கீழ்பாதி ஃபான். இரண்டு பேரும் விடாமல் ஒற்றைக் கையால் நீந்திக் கரைச் சரிவுக்கு வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். "விடுய்யா, நீ ஞானஸ்நானமே வாங்கலையே!" "இன்னிக்கு தியோஃபானியா, ஃபானிஸ்னு பேரு வெச்சவங்களுக்கெல்லாம் பெயர்த் திருநாள், மேஸ்திரி. பேரு வெச்சது உங்க ஊரு. அப்ப சிலுவையும் எனக்குத்தான்." பல் தந்தியடிக்கிறது, உதடு கத்தரிக்காய் நிறம், இருவரும் விடவில்லை. அமெரிக்க மேலாளர் விதிமுறை கேட்டார், விதிமுறை யாரிடமும் இல்லை. பாதிரியார் அங்கியோடு தண்ணீரில் இறங்கி, சிலுவையைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்து, அதில் கட்டியிருந்த நீல நாடாவை மீன் கத்தியால் இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்தார். "சிலுவையை எடுத்தவன் வழக்கமா போற மாதிரி, சிலுவைத் தட்டைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்தே வீடு வீடா போங்க. ஒருத்தன் மட்டும் வந்தா எந்தக் கதவும் திறக்காது" என்றார்.

அப்படியே போனார்கள். வீட்டுக்கு வீடு தேன்பணியாரம், வீட்டுக்கு வீடு ஒரு கோப்பை சாராயம். பதினோராவது வீட்டில்தான் தெரிந்ததாம், ஃபானுக்கு ஒரே மகள், அமெரிக்காவில் பாஸ்டனில் படிக்கிறாள். போன மாதம் வகுப்பில் ஒருவன் அவளை உளவாளியா என்று கேட்டானாம், அவள் அழுததைக்கூட அவருக்கு அவள் தோழிதான் சொன்னாளாம். அப்பா அங்கேயே, படிக்கட்டில், தட்டோடு நின்று கேட்டிருக்கிறார்: "ஃபானிஸ், அனேஸ்திஸுக்கு வாய் ஜாஸ்தி, என்ன மாதிரி. அங்க எதையாவது ஒளறி மாட்டிக்கிட்டா நீ போய் கூட்டிட்டு வந்துருவியா?" கவனி, உன் பெயர், நான்கு மாதத்தில் முதல் தடவை. ஃபான் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, "வேலையில எது வந்தாலும் என் பொறுப்பு. வாயால வந்தா... என்னால சத்தியம் பண்ண முடியாது, மேஸ்திரி. எம் பொண்ணுகிட்டயே போன்ல சாப்டியா, தூங்கினியா, அவ்ளோதான்" என்றாராம்.

நான் பயந்தேன், இதோடு படிவம் அடுப்பில்தான் என்று. அப்பா வீட்டுக்கு வந்ததும் படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தார். "'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லியிருந்தான்னா கிழிச்சிருப்பேன். முடியாதுன்னு சொன்னான் பாரு, அந்த ஆள்கிட்ட புள்ளைய விடலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நேராக ஃப்ரீசரைத் திறந்து உன் துண்டை எடுத்து, பனிகூட இளகாமல் கடித்தார். நாணயம் அதில்தான் இருந்தது. பல்லில் ஒரு ஓரம் போய்விட்டது. இந்த வருஷ அதிர்ஷ்டம் உனக்கு, பல் வைத்தியர் எங்களுக்கு.

இப்போது அப்பா சொல்லச் சொன்னதை எழுதுகிறேன், வார்த்தை மாறாமல்: "கையெழுத்துப் போட்டாச்சு. குடுக்கிறதும் கிழிக்கிறதும் அவன் இஷ்டம். வீட்ல ஓட்டு ஒண்ணுக்கு ஒண்ணு, அவன் ஓட்டுதான் பாக்கி." யார் எந்தப் பக்கம் என்று கேட்காதே, ரகசிய வாக்கெடுப்பு. என் அறிவுரை இவ்வளவுதான்: ஐந்து வருஷம் என்பதை விரல்விட்டு எண்ணிப் பார், சாப்பாட்டுக் கூடத்தில் அப்பாவைப் போல மேசை தட்டிப் பேசாதே, கப்பல்களைப் படம் எடுக்காதே, ஆனால் நாக்கைக் கட்டுகிற கயிற்றால் மனசையும் சேர்த்துக் கட்டிவிடாதே. இந்த உறையை ஃபான் தன் அலுவலகத் தபால் பையில் அனுப்புகிறார். வழியில் யாராவது பிரித்துப் படித்தால் அவருக்கும் என் புத்தாண்டு வாழ்த்து, அவரும் காலுறை போட்டுக்கொள்ளட்டும்.

படிவத்தோடு நாணயமும் இருக்கிறது. அதைச் சுற்றியிருப்பது அப்பாவின் பாதி நாடா. மற்றப் பாதி பாஸ்டனுக்குப் போயிருக்கிறது. கடவுளின் தாய் உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். முப்பத்தொன்றாம் தேதியை மறந்துவிடாதே. அப்பா சமையலறைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கடிகாரம் மாட்டியிருக்கிறார், அதில் உன் ஊர் நேரம் ஓடுகிறது. கேட்டால் பழையது சும்மா கிடந்தது என்கிறார்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா கிறிஸ்தாலியா